வலது என்று குறித்தேன்

நாள் 611. 07:10

வியாழனின் நிலவான கலிஸ்டோவில் உள்ள நிலையம், மருத்துவப் பிரிவு. எழுதுபவர்: மருத்துவர் எமரென்சியா சூசைநாதன், வயது எழுபத்தொன்று. நிலையத்தில் இப்போது இரண்டே பேர்: நானும் குழாய்ப் பொறுப்பாளர் வெள்ளியங்கிரியும். அடுத்த விண்கலம் வர ஏழு மாதம்.

அவருடைய சிறுநீரில் மூன்று வாரமாக ரத்தம். இன்று கட்டிகட்டியாக வருகிறது. ஒரு சிறுநீரகத்தின் நடுவே நெல்லிக்காய் அளவு கட்டி. சிறுநீரகத்தை முழுவதுமாக எடுக்க வேண்டும். வயிற்றில் நான்கு சிறு துளைகள், எந்திரக் கைகள், ஒரு கேமரா. இந்த முறையில் எண்ணூறு செய்திருக்கிறேன்.

போன கலத்தில் வந்த புது ஸ்கேனரில் எடுத்த படங்களைப் பூமிக்கு அனுப்பினேன். செய்தி போக நாற்பது நிமிடம், வர நாற்பது.

நாள் 611. 08:40

பதிலுக்குக் காத்திருக்கவில்லை.

நோயாளி விழித்திருக்கும்போதே எந்தப் பக்கம் என்று அவரிடம் கேட்டு, தோலில் குறியிட வேண்டும் என்பது விதி. கேட்கவில்லை. காலையிலிருந்து என் நடை, என் கண்ணாடி, என் கையெழுத்து என்று எல்லாவற்றையும் கேலி செய்துகொண்டிருந்தார். அலுத்துவிட்டது. தூங்கவைத்துவிட்டேன். படத்தைப் பார்த்து, வலப் பக்கம் பேனாவால் அம்புக்குறி போட்டேன்.

எந்திரம் கேட்டது: "நோயாளி பக்கத்தை உறுதி செய்தாரா?"

ஆம் என்று அழுத்தினேன்.

நாள் 611. 11:05

முடிந்தது. தமனிக்கு மூன்று கிளிப், சிரைக்கு இரண்டு. ரத்த இழப்பு நாற்பது மில்லி. சுத்தமான வேலை. சிறுநீரகத்தைப் பைக்குள் இட்டு, அடிவயிற்றில் சின்னக் கீறல் வழியாக வெளியே எடுத்தேன். எடுத்ததும் பிளந்து பார்ப்பது என் வழக்கம்.

பிளந்தேன். உள்ளே கட்டி இல்லை.

நாள் 611. 11:22

பூமியிலிருந்து, மருத்துவர் கோசலை: "அக்கா, அந்த ஸ்கேனர் ஆளைப் பின்னாலிருந்து காட்டுது. நாம பழகின படம் மாதிரி இல்ல, வலமும் இடமும் மாறித் தெரியும். கட்டி இடது பக்கம். இடது. ஒருவேளை எடுத்துட்டிருந்தா உடனே ஐஸ்ல வைங்க, திரும்பத் தைச்சிடலாம்."

இரண்டு துண்டுகளும் தட்டில் இருக்கின்றன.

நாள் 613. 16:00

அவரிடம் சொன்னேன். 

"எனக்கு எடப்பக்கந்தானுங்க நோவு. கேட்டிருந்தா சொல்லியிருப்பனுங்க."

போர்வையை இழுத்து விட்டுக்கொண்டு சொன்னார்: "நானும் ஒருக்கா தப்பான வால்வை மூடியிருக்கனுங்க டாக்டரம்மா. ஆனா அதைத் திரும்பத் தொறந்துட்டனுங்க."

சிரிக்கப் பார்த்தார். தையல் இழுத்தது.

நாள் 616. 08:55

ரத்தம் நிற்கவில்லை. இடதையும் எடுத்தாக வேண்டும். எடுத்தால், ரத்தத்தைச் சுத்திகரிக்கும் கருவி இங்கே இல்லை. பத்து நாள் இருப்பார்.

என் ரத்தம் ஓ வகை, யாருக்கும் பொருந்தும். பிறர் உறுப்பை உடல் ஏற்கவைக்கும் மருந்து எட்டு மாதத்துக்கு இருக்கிறது. அவருடையதை எடுத்து என் சிறுநீரகம் ஒன்றைப் பொருத்த, ஆள் இல்லாமலே எந்திரத்துக்குத் தெரியும்.

கோசலை: "வேண்டாம்க்கா. உங்க பலவீனமான இதயத்தோட மேசையிலிருந்து எழுந்திருக்க மாட்டீங்க. எனக்கு உங்க மேல கோபமா வருது."

என் கணவர் போன பிறகு யாரும் என்மேல் இப்படிக் கோபப்பட்டதில்லை. நன்றி என்று மட்டும் அனுப்பினேன். அது போய்ச் சேரும்போது நான் மயக்கத்தில் இருப்பேன்.

நாள் 616. 09:15

பேனாவை அவர் கையில் கொடுத்தேன். எந்தப் பக்கம் என்று மூன்று முறை கேட்டார். மூன்று முறையும் இடது என்றேன். என் இடுப்பில் அவர் போட்ட அம்பு கோணல். திருத்தச் சொல்லவில்லை.

எந்திரம் கேட்டது. ஆம் என்று அவர் அழுத்தினார்.

களைப்பாக இருக்கிறது. மீதியைப் பிறகு

நாள் 619

இது வெள்ளியங்கிரி எழுதறதுங்க. எனக்கு மூத்திரம் நல்லாப் போகுது. நெறம் தெளிவா இருக்குது. அம்மா சொன்ன மாதிரியே அளவெல்லாம் குறிச்சு வெச்சிருக்கறனுங்க.

அம்மா முழிக்கவே இல்லைங்க. இன்னைக்குத்தான் என்னால எந்திரிக்க முடிஞ்சுது. அவங்க உடம்பைத் தொடைச்சு விட்டேன். அம்புக்குறியை மட்டும் அழிக்கலைங்க.