முதுகில் ஒரு சிலுவை

அன்புள்ள ஒன்பதாம் நம்பருக்கு,

நேத்து தியாகதுருகம் பஸ்ல போறப்ப நம்ம ஆர்.சி. ஸ்கூலைப் பார்த்தேன். மூடி ஆறு வருஷம் ஆச்சு. பாஸ்கெட்பால் கோர்ட்டுல மக்காச்சோளம் காய வெச்சிருக்காங்க. ரிங் மட்டும் இன்னும் தொங்கிக்கினு இருக்குது.

மூணு வருஷம் மாவட்டத்துல நம்மள ஒருத்தனும் ஜெயிக்கல. ஃபவுலுக்கு ஃப்ரீ த்ரோ போடறவன் முதுகுல, பனியன் நம்பர் மேல, கூட ஆடறவன் விரலால சிலுவை போட்டுவுடணும்னு பி.டி. சார் பழக்கினாரே, ஞாபகம் இருக்கா? நீ அய்யனார் கோயில் பூசாரி புள்ள. ஆனா உன் விரல் பட்டு எனக்குப் பால் தப்பினதே இல்ல.

நாலாவது வருஷம் ஃபைனல்ல ஒரு பாயின்ட் கம்மி, கடைசி ரெண்டு த்ரோ உனக்கு. உன்னைக் கேப்டனாப் போட்டுட்டாங்கன்ற கடுப்புல நான் நடுக்கோட்டுலயே நின்னுட்டேன். நீ ஒரு தடவை திரும்பிப் பார்த்த. ரெண்டு பாலும் வெளிய போச்சு. ஸ்கூலே உன்னைத் திட்டுச்சு, நான் வாயைத் தொறக்கல. இருபத்தேழு வருஷமா தொறக்கல.

வூட்ல எல்லாரும் சௌக்கியம். புதன்கிழமை காலைல ஒன்பது மணிக்கு, புதுச்சேரி ஆஸ்பத்திரில என்னை ஆபரேஷனுக்கு உள்ள கூட்டிக்கினு போவாங்க. டாக்டர் பயமில்லன்றாரு. சும்மா தகவலுக்குத்தான் எழுதறேன், வேலையை வுட்டுட்டு நீ வரணும்னு இல்ல.

ஆனா உள்ள போறதுக்கு முன்னாடி, நானும் ஒரு தடவை திரும்பிப் பார்ப்பேன்.

உன்
ஏழாம் நம்பர்