செம்மறிப் படத்தில் நின்ற பெண்

19.2.55, சனி

காலையில் கடும் பனி. புல்லெல்லாம் வெள்ளையாக உறைந்து கிடந்தது. கரும்பலகைக்குக் கரி பூசினேன். சோப்பு தீர்ந்துவிட்டது, கை கறுப்பாகவே இருக்கிறது.

மாலை, காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் படம். கொழும்பிலிருந்து வேன் வந்திருந்தது. படம் ஓட்டுபவர் சோமபால என்று ஒரு சிங்கள இளைஞர், நல்ல சிரிப்பு. தோட்டத்துத் துரை உத்தரவு: படத்தில் இங்கிலீஷில் சொல்வதை டீச்சர் மைக்கில் தமிழில் சொல்ல வேண்டும். டீச்சர் என்றால் நான்தான், இந்தத் தோட்டத்தில் வேறு ஆள் ஏது.

ஆஸ்திரேலியா படம். ஆடு, ஆடு, மறுபடி ஆடு. கம்பளி. நடுவில் கொஞ்ச நேரம் தகரக் குடிசை வரிசை, நாங்கள் குடியிருக்கும் லயம் மாதிரியே, கறுப்பு மனிதர்கள். ஒரு பெண், இடுப்பில் பிள்ளை, நேராக நம்மையே பார்க்கிறாள். ‘நேட்டிவ்ஸ்’ என்றது குரல். நன்றாகக் கவனிக்கப்படுகிறார்களாம். அவசரத்தில் நான், “இவங்க நாட்டாளுங்க. நல்லா பாத்துக்கிறாங்க” என்றேன்.

வந்ததே வினை. எங்கள் தோட்டத்தில் நாட்டாள் என்றால் பக்கத்துக் கிராமத்துச் சிங்களவர். கொழுந்து பறிக்கும் செல்லம்மா எழுந்தே நின்றுவிட்டாள்.

“நாட்டாளுங்கன்னா காணி பூமி இருக்குமே டீச்சர். நம்மள மாதிரி லயத்துல ஏன் கெடக்காங்க?”

ஒரே சிரிப்பு. பதில் சொல்வதற்குள் ஆடு வந்துவிட்டது.

20.2, ஞாயிறு

ஹட்டன் டவுனுக்குப் போனேன். சாக்கட்டி, சோப்பு, அம்மாவுக்குத் தைலம். பஸ்ஸில் கூட்டம் சொல்லி மாளாது. செல்லம்மா கேட்டது மனசை அரித்துக்கொண்டே இருந்தது. வாசகசாலையில் பழைய இங்கிலீஷ் சஞ்சிகைகளைப் புரட்டினேன். கிடைத்தது. அந்த மண்ணின் ஆதிக்குடிகள். நிலம் பறிபோயிற்று. பெரும்பாலோருக்கு ஓட்டு இல்லை. பிள்ளைகளைப் பிடித்துப் போய் வேறிடத்தில் வளர்க்கிறார்களாம்.

ஆக, நான் சொன்ன சொல் தப்பில்லை. நாட்டாளேதான். சுதந்திரம் வந்த கையோடு தோட்டத் தமிழர் நம் ஓட்டைச் சர்க்கார் பிடுங்கியபோது, நீங்கள் இந்தியாவிலிருந்து வந்தவர்கள் என்றார்கள். அங்கே எங்கிருந்தும் வராதவனுக்கும் இல்லை. அப்படியென்றால் காரணம் அது இல்லை! இத்தனை நாள் நானே அதைப் பாதி நம்பிக்கொண்டிருந்தேன். இன்றோடு விட்டது.

22.2, செவ்வாய்

அந்தப் பெண்ணைப் பற்றிப் பாட்டு எழுத உட்கார்ந்தேன். ‘ஐயோ பாவமே’ என்று ஆரம்பம். செல்லம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். மூஞ்சியைச் சுளித்தாள்.

“எழவு வீடா டீச்சர் இது? அவ அழுவலையே. நம்மளத்தான பாத்துக்கிட்டு நின்னா.”

கோபம்தான் வந்தது. அப்புறம் யோசித்தேன். படக்காரன் அவளை ஆட்டுக்குப் பக்கத்தில் நிறுத்தினான். நான் அழவைத்து நிறுத்தினேன். இரண்டிலும் அவளைக் கேட்டவர் யார்? கிழித்துப் போட்டேன்.

புதிது. மெட்டு செல்லம்மாவுடையது:

கண்ணெடுத்துப் பாத்தவளே
கடல்தாண்டிப் பாத்தவளே
பொறந்தமண்ணு உனக்கிருக்கு
போடஒரு சீட்டுமில்ல
வளத்தமண்ணு எனக்கிருக்கு
வாக்குச்சீட்டு எனக்குமில்ல
யாருவச்ச ஞாயமின்னு
ரெண்டுபேரும் கேப்பமாடி

24.2, வியாழன்

பாட்டு மலை முழுக்கப் பரவிவிட்டது. கொழுந்து பறிக்கும் பெண்கள் வாயிலெல்லாம் அதுதான். ஆட்களை வேலை வாங்கும் கண்டாக்கு ஐயா பள்ளிக்கூடத்துக்கே வந்துவிட்டார்.

“சனிக்கிழமை நம்ம தோட்டத்து மேல் டிவிஷன்ல அதே படம். துரையும் வர்றாரு. நான் எழுதித் தர்றத மட்டும் வாசிங்க. இல்லைன்னா வேலையும் இல்ல, வீடும் இல்ல.”

தாளை நீட்டினார். அந்தப் பெண் வரும் இடத்தில்: ‘இவர்கள் மகிழ்ச்சியாக வாழ்கிறார்கள்.’

“உங்களுக்குந்தான ஓட்டு இல்லைங்க ஐயா?”

“இல்லதான். அதுக்காகப் பாடிக்கிட்டா திரியிறேன்?”

அம்மாவிடம் சொல்லவில்லை. வேலை போனால் அவளை எங்கே கொண்டு வைப்பேன்? ஒரு வரிதானே, வாசித்துத் தொலைத்தால் என்ன என்றும் தோன்றுகிறது.

26.2, சனி

மேல் டிவிஷன். ஏற்றம், மூச்சு வாங்கியது. கீழ்ப்பக்கத்து ஆட்களும் வந்துவிட்டார்கள், பார்த்த படத்தையே பார்க்க. துரை நாற்காலியில்.

ஆடு வந்தது, சொன்னேன். கம்பளி வந்தது, சொன்னேன். அவள் வந்தாள். இங்கிலீஷ் குரல் முடிந்து என் முறை. தாள் கையில். வாய் வரவில்லை. பயமா பிடிவாதமா, தெரியாது. மைக்கில் என் மூச்சு மட்டும்.

பின்னாலிருந்து செல்லம்மா எடுத்தாள். ‘கண்ணெடுத்துப் பாத்தவளே.’ அடுத்த அடிக்கு எல்லாப் பெண்களும். அதற்குள் பாழாய்ப்போன ஆடு.

சோமபால படத்தை நிறுத்தினார். கூட்டத்தைப் பார்த்து, “ஆயெத்?” என்றார்.

“ஆயெத்! ஆயெத்!” மறுபடி என்று கேட்க அந்தளவு சிங்களம் எங்கள் லயத்துக் கைப்பிள்ளைக்கும் தெரியும்.

திருப்பிச் சுற்றிப் போட்டார். இந்த முறை இங்கிலீஷ் குரலை அடைத்துவிட்டார். பாட்டு முடியும்வரை திரும்பத் திரும்ப அவள்தான். அழுதுவிட்டேன், சந்தோஷத்தில்தான். துரை எழுந்து போனார். கண்டாக்கு ஐயா பின்னாலேயே ஓடினார்.

27.2, ஞாயிறு

யாரும் வரவில்லை. துணி துவைத்தேன். டிரங்குப் பெட்டியை இறக்கி வைத்தேன். அம்மா ஏன் என்று கேட்டாள். தூசி என்றேன்.

28.2, திங்கள்

தூறல். பள்ளிக்கூட வாசலில் கண்டாக்கு ஐயா, குடையோடு.

“டீச்சர் ஏன் வாசிக்கலைன்னு துரை கேட்டாரு. தொண்டை கட்டிக்கிச்சுன்னு சொல்லியிருக்கேன். நம்பிட்டாரு. ரெண்டு நாளைக்கு சத்தமாப் பேசிறாதீங்க.”

இன்று வகுப்பில் நான் வாயே திறக்கவில்லை. அந்தப் பாட்டைப் பிள்ளைகள்தான் பாடினார்கள்.