காதால் வறுத்த பருப்பு

மேரி ஆற்றுப் பக்கம், குயின்ஸ்லாந்து
டிசம்பர் 27

அன்புள்ள லாக்லன்,

நீ நலமாக இருக்கிறாய் என்பது போன வாரம் தொலைபேசியில் உன் குரலிலேயே தெரிந்தது. பின்னால் யாரோ விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தார்கள். தென்துருவப் பனிக்கண்டத்தில் ஒரு குளிர்காலத்தைக் கழித்த பிறகும் மனிதர்களுக்குச் சிரிக்க வருகிறதே என்று எனக்கு ஆறுதலாக இருந்தது. இங்கே நானும் அப்பாவும் சுகம். அவருடைய முழங்கால் பழையபடிதான். மழை இந்த முறை நேரத்துக்கு வந்துவிட்டது. மேல் தோட்டத்தில் மக்கடேமியாக் கொட்டை மரங்களுக்கடியில் புல் இடுப்பளவு நிற்கிறது. வெட்டுகிறேன் வெட்டுகிறேன் என்று அப்பா சொல்லிக்கொண்டே இருக்கிறார்.

இந்தக் கடிதம் எழுத உன் மனைவியிடம் அனுமதி கேட்டேன். "எல்லாத்தையும் எழுதுங்க கிளெனிஸ், நான் படிச்சுப் பாக்க மாட்டேன். ஆனா அவனை வரச் சொல்லி மட்டும் ஒரு வார்த்தை எழுதக்கூடாது. இன்னொரு குளிர்காலம் அங்கேயே இருக்கறதா வேண்டாமாங்கறது அவன் முடிவு," என்று டீகன் சொன்னாள். சரி என்று வாக்குக் கொடுத்தேன். கொடுத்த வாக்கை நான் மீறமாட்டேன் என்பது உனக்குத் தெரியும். அதனால் கிறிஸ்துமஸுக்கு அவள் செய்த மக்கடேமியாப் பருப்பைப் பற்றி எழுதுகிறேன்.

அதற்கு முன்னால் ஏணியைப் பற்றிச் சொல்ல வேண்டும். புயல் காலம் வருமுன் கூரைத் தகரக் கால்வாயில் சேர்ந்த சருகை வாருகிறேன் என்று செப்டம்பரில் ஏணியில் ஏறிய டீகன் சறுக்கி, பின்மண்டை தரையில் படும்படி விழுந்தாள். உன்னிடம் "சின்ன இடிதான்" என்றாள். பிறகு, மூக்குக்கு வாசம் தெரியவில்லை என்றும் சொன்னாளாம், ஏதோ சளி பிடித்ததைச் சொல்வது போல. லாக்லன், அது சளி இல்லை. அப்படி அடிபட்டால் மூக்கிலிருந்து மூளைக்குப் போகும் மெல்லிய நரம்புகள் அறுந்துபோவதுண்டு என்றார் மருத்துவர். திரும்பினாலும் திரும்பலாம், திரும்பாமலும் போகலாம் என்றார். இன்றுவரை திரும்பவில்லை.

எதைத் தின்றாலும் ஈரமான அட்டையைத் தின்கிற மாதிரி இருக்கிறது என்பாள். நின்றபடியே இரண்டு ரொட்டித் துண்டைக் கடித்துக்கொண்டு பள்ளிப் பேருந்தை ஓட்டப் போய்விடுவாள். நவம்பரில் ஒரு நாள் நான் எலுமிச்சை பறித்துக்கொண்டு உங்கள் வீட்டுக்குப் போனேன். வாசலிலேயே கேஸ் நாற்றம் முகத்தில் அறைந்தது. அடுப்புத் திருகு பாதி திறந்திருக்கிறது. அவளோ பக்கத்தில் மேசையில் உட்கார்ந்து நிதானமாகப் பேருந்துச் சாவிகளுக்குச் சீட்டு ஒட்டிக்கொண்டிருக்கிறாள். நான் திருகை மூடி, சன்னல்களையெல்லாம் திறந்தேன். அவள் என் முகத்தைப் பார்த்துத்தான் விஷயத்தைப் புரிந்துகொண்டாள். மறுநாளே அப்பா போய், கேஸ் கசிந்தால் அலறுகிற கருவி ஒன்றை வாங்கிவந்து மாட்டினார். ஆனால் அதற்குப் பிறகு அவள் அடுப்பைப் பற்றவைக்கவே இல்லை.

இப்போது பருப்புக்கு வருகிறேன். ஊர் மன்றத்தில் தீயணைப்புத் தொண்டர்களுக்கு நடக்கும் கிறிஸ்துமஸ் விருந்தில், ஒவ்வொரு வருடமும் டீகனுடைய மசாலாச் சீனிப் பருப்புத்தான் முதலில் காலியாகும். உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, பாதியை மன்றத்துக்குப் போகும் வழியிலேயே தின்கிறவன் நீ. இந்த முறை விருந்துக்குப் பொறுப்பான நோரின் பாய்ல், காரை நம் வீட்டு வாசலில் நிறுத்தி, இறங்காமலே என்னிடம் பேசினாள். "பாவம், இந்த வருஷம் டீகனைத் தொந்தரவு பண்ண வேண்டாம். நான் கிம்பி டவுன்ல கடையில வாங்கிட்டு வந்துடறேன். மூக்கு தெரியாதவ அடுப்புக்கிட்ட நிக்கறதே ஆபத்துல்ல?" என்றாள்.

டீகன் அப்போது நம் வீட்டுக் கொடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தாள். போர்வைக்குப் பின்னாலிருந்து அவள் குரல் மட்டும் வந்தது. "நோரின், போன வருஷம் உங்க புட்டிங்கை மூக்கு இருக்கறவங்கதானே செஞ்சாங்க?"

அந்தப் புட்டிங்கை வெட்டப் போய் மன்றத்தில் ஒரு கத்தி வளைந்தது உனக்கு நினைவிருக்கும். நோரின் கார்க் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு போய்விட்டாள். டீகன் கூடையோடு என் பக்கம் வந்து, "வாயை விட்டுட்டேன். இனி செஞ்சே ஆகணும்," என்றாள்.  

அப்பா கொட்டகையில் தொங்கவிட்டிருந்த மூட்டையை இறக்கி, பட்டறை மேசையின் இரும்புப் பிடியில் ஒவ்வொன்றாக இறுக்கிக் கொட்டை உடைக்க ஆரம்பித்தார். முழுப் பருப்பு ஒன்று உடையாமல் வந்தால் தூக்கிக் காட்டுவார், ஏதோ முத்துக் குளித்து எடுத்தவர் போல. நொறுங்கியதெல்லாம் அவர் வாய்க்குப் போயிற்று.

முதல் தடவை வறுத்தது பார்வைக்கு நன்றாகவே இருந்தது. ஆனால் காற்றில் அவ்வளவு ஈரம். தட்டில் ஆற வைத்தது சாயங்காலத்துக்குள் கசிந்து ஒன்றோடொன்று ஒட்டி, ஒரே கட்டியாகிவிட்டது. "நோரின் புட்டிங்குக்குத் தங்கச்சி," என்று சொல்லி டீகனே சிரித்தாள். அதுவரை பரவாயில்லை.

இரண்டாவது தடவைதான் மோசம். பாகு கருகுகிற வாடை வெளியே தாழ்வாரத்தில் இருந்த எனக்கு வருகிறது, சட்டிக்கு மேலேயே குனிந்து நிற்கிறவளுக்கு வரவில்லை. எழும்பிய புகையை அவள் ஆவி என்று நினைத்திருக்கிறாள். நான் கத்திய பிறகுதான் சட்டியைத் தூக்கிக்கொண்டு போய்ப் புல்லில் வைத்து, குழாய்த் தண்ணீரைப் பீய்ச்சினாள். சட்டி சீறி அடங்கிய பிறகும் அவள் குழாயை மூடவில்லை. "பக்கத்துலயே நின்னேன் கிளெனிஸ். பக்கத்துலயே நின்னும் எனக்குத் தெரியல," என்றாள்.  நானே போய்க் குழாயை மூடினேன்.

கடையில் வாங்கிவிடலாம் என்று சொல்ல வாயெடுத்தேன், அதற்குள் அவளே பேசினாள். "பஸ்ல கியர் மாத்தணும்னா நான் என்ன கண்ணால பாத்தா மாத்தறேன்? இஞ்சின் சத்தம்தானே சொல்லுது." சொல்லிவிட்டு உள்ளே போனாள். ரேடியோவை அணைத்தாள், மின்விசிறியை அணைத்தாள். சில்வண்டுச் சத்தமும் ஈரக்காற்றும் உள்ளே வராதபடி சன்னல்களையெல்லாம் இறுக்கிச் சாத்தினாள். டிசம்பர் வெயிலில் சாத்திய சமையலறை எப்படி இருக்கும் என்று உறைபனியில் இருக்கிற உனக்குச் சொன்னால் பொறாமைப்படுவாய். "நீங்க இருக்கலாம். ஆனா மூச்சு விடற சத்தம் கூடக் கேக்கக்கூடாது," என்று எனக்கு உத்தரவு. நான் மூலையில் நாற்காலி போட்டு, வழிகிற வியர்வையைத் துடைக்கவும் பயந்து உட்கார்ந்திருந்தேன்.

எத்தனை கிறிஸ்துமஸுக்கு இந்தப் பருப்பை நானும் கிண்டியிருக்கிறேன். அது இப்படிப் பேசும் என்று எனக்குத் தெரியாது. சீனியும் தண்ணீரும் முதலில் சேற்றில் பெருமழை விழுகிற மாதிரி கொப்பளித்தன. பிறகு குமிழி சிறுத்து, சத்தமும் தடித்தது. பருப்பைக் கொட்டிக் கிளறிக்கொண்டே இருந்தாள். திடீரென்று கரண்டி மணலில் இழுபடுகிற மாதிரி கரகரத்தது. பார்த்தால் பாகு பூத்து, பருப்பெல்லாம் வெள்ளையாக மாவு பூசிக்கொண்டு கிடக்கிறது. அந்த இடத்தில் நானாக இருந்தால் இறக்கியிருப்பேன். அவள் தீயைக் குறைத்துவிட்டு, கண்ணை மூடி, காதைச் சட்டியின் பக்கம் சாய்த்தபடி கிளறினாள். அந்த வெள்ளை மெல்ல உருகிப் பளபளப்பாகப் பருப்பைச் சுற்றிக்கொண்டது. கரகரப்பு நின்று, கூழாங்கல் உரசுகிற சத்தம் வந்ததும், "இப்ப," என்றாள். தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். இறக்கிவிட்டாள்.

மசாலாவுக்கு வந்தபோது லவங்கப்பட்டைப் பொடியை நாக்கில் வைத்துப் பார்த்து, "மரத்தூள்," என்று முகம் சுளித்தாள். "உங்க மூக்கைக் கொஞ்சம் கடன் குடுங்க," என்று என்னிடம் நீட்டினாள். பழசாகிவிட்டது, அலமாரி வாசம்தான் வருகிறது என்றேன். தூக்கிப் போட்டுவிட்டாள். இன்னொன்று வாங்கி வரட்டுமா என்றதற்கு, "வேண்டாம். எனக்குத் தெரியாததை மத்தவங்களுக்குப் போட மாட்டேன்," என்றாள். அப்புறம் ஒவ்வொன்றாக நாக்கில் வைத்துப் பார்த்தாள். உப்பு தெரிந்தது. எலுமிச்சைத் தூளின் புளிப்பு தெரிந்தது. சுக்குப் பொடியின் கடுப்பு தெரிந்தது. காட்டு மிளகைக் கடித்தபோதுதான் லாக்லன், அவள் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். அதன் காரம் உடனே வராது அல்லவா, கொஞ்சம் பொறுத்துத்தானே ஏறும். ஏறியதும் கண்ணில் நீர் வந்து, நாக்கை நீட்டிக்கொண்டு, சிரி சிரி என்று சிரித்தாள். காரம் மூக்கை நம்பி இருப்பதில்லையாம். சூடான பருப்பில் இந்த நாலையும் தூவிக் குலுக்கினாள், தின்றாள், இன்னும் கொஞ்சம் தூவினாள், மறுபடி தின்றாள். விழுந்த நாளிலிருந்து எதையும் அவள் இரண்டாவது முறை எடுத்துத் தின்று நான் பார்த்ததில்லை. அன்று சட்டிக்குப் பக்கத்தில் நின்று ஒரு கை நிறையத் தின்றாள். ஆறியதும் ஈரம் படாமல் கண்ணாடி ஜாடிகளில் அடைத்து இறுக்கி மூடினோம்.

விருந்தன்று தொண்டர்கள் ஆற்றுக்கு அந்தப் பக்கம் பற்றிய புல் தீயை அணைத்துவிட்டு, கரி முகத்தோடு நேராக மன்றத்துக்கு வந்தார்கள். அவர்களுடைய தலைவர் வெஸ் டன்ஸ்டன் ஒரு பருப்பை வாயில் போட்டு மென்றார்.  பிறகு கிண்ணத்தையே எடுத்துத் தன் பக்கம் வைத்துக்கொண்டார். மற்றவர்கள் சண்டைக்கு வந்துவிட்டார்கள். நோரின் நாப்கினில் கொஞ்சம் பொட்டலம் கட்டிக் கைப்பைக்குள் போட்டதை நான் பார்த்தேன். கடைசியில் டீகனிடம் வந்து, "போன வருஷத்தை விட நல்லா இருக்கு. என்னத்தப் போட்ட?" என்று கேட்டாள்.

"எனக்குத் தெரிஞ்சதை மட்டும்தான் போட்டேன். பாகு பதத்தைக் காதுதான் சொல்லிச்சு," என்றாள் டீகன்.

நோரின் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு, "அடுத்த வருஷம் என் புட்டிங்குக்கும் வந்து கொஞ்சம் காது குடு," என்றாள். இரண்டு பேரும் சிரித்தார்கள். 

உன்னை மணந்து இந்தக் குடும்பத்துக்கு அவள் வந்த நாள் முதல் அவளை எனக்குப் பிடிக்கும். ஆனால் இந்த டிசம்பரில்தான், நானும் இவள் மாதிரி இருந்திருக்கலாமே என்று நினைத்தேன். இழந்ததை அவள் மறைக்கவில்லை, அதற்காக யார் இரக்கத்தையும் வாங்கவில்லை. மிச்சம் இருப்பதை எடுத்துக்கொண்டு அடுப்பின் முன் போய் நின்றாள். அவளை இங்கே யாரும் தாங்கிப் பிடிக்க வேண்டிய அவசியமில்லை. இதையும் நான் சொல்லியாக வேண்டும். அதுதான் உண்மை.

இன்னொன்றும் உண்மை. கிறிஸ்துமஸ் அன்று இறால் தின்று முடித்து அப்பா தூங்கிப்போன பிறகு, டீகன் உன் நீலச் சட்டையை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தாள். நீ புறப்பட்ட அன்று கழற்றிப் போட்டுவிட்டுப் போனதாம், அவள் துவைக்கவே இல்லை. "கிளெனிஸ், இதை மோந்து பாருங்க. அவன் வாசம் இன்னும் இருக்கா? எனக்குத் தெரியல, உங்களுக்காவது தெரியுதான்னு பாருங்க," என்றாள். முகத்தில் வைத்துப் பார்த்தேன். ஒரு வருடம் மூடியிருந்த மர அலமாரியின் வாசம்தான் வந்தது. "இருக்கு. டீசலும் சோப்பும்," என்றேன். அவள் தலையை ஆட்டிவிட்டு, சட்டையை ஒழுங்காக மடித்து எடுத்துக்கொண்டு போனாள்.

இவ்வளவுதான் இங்கத்திய செய்தி. ஹோபார்ட் துறைமுகத்திலிருந்து அங்கே புறப்படும் கப்பலில் இந்தக் கடிதத்தோடு ஒரு தகர டப்பாவில் பருப்பும் வருகிறது. தோழர்களுக்கும் கொடு. அங்கே காற்றில் ஈரம் இல்லையாமே, மொறுமொறுப்பு குறையாது. நீ எங்கிருந்தாலும் காலடியில் பனி உறுதியாக இருக்கட்டும், படுக்கை சூடாக இருக்கட்டும், ஆண்டவன் உன் கைகளுக்கு அடிபடாமல் காக்கட்டும்.

டப்பா காலியானதும் தூக்கி எறிந்துவிடாதே. அது டீகன் அவள் அம்மா வீட்டிலிருந்து கொண்டுவந்த டப்பா, அவளுக்கு வேண்டும். தபாலில் போட்டால் நசுங்கிவிடும், வேறு யார் கையிலும் கொடுத்து அனுப்பாதே. நான் டப்பாவை மட்டும்தான் கேட்கிறேன்.

என்றும் உன் நினைவாக,
அம்மா
கிளெனிஸ்