இடது வரிசைக் குரங்குகள்

அன்பு மச்சான் அருளுக்கு,

நீ போய் இரண்டு வருஷம் ஆகிறது. உன்மேல் எனக்கு இருந்த பொறாமை இன்னும் போகவில்லை. முக்கியமானதை முதலில் சொல்ல வேண்டும் என்பது நான் முப்பது வருஷமாகப் பார்க்கும் செய்தித் தொழிலின் பழக்கம். அதனால் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

இதைப் படிக்கப் போகிறவர்களுக்கு உன்னைத் தெரியாது. நீ என் மனைவி லூர்துவின் தம்பி. படப்பையைத் தாண்டி ஒரு ஆராய்ச்சிக்கூடத்தில் குரங்குகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை உனக்கு. மனிதரைத் தாக்கும் எய்ட்ஸ் கிருமியைப் போலவே குரங்குகளைத் தாக்கும் கிருமி ஒன்று உண்டு. அதற்குத் தடுப்பூசி கிடைத்தால் மனிதருக்கும் ஒரு வழி பிறக்கலாம் என்று அங்கே வடநாட்டுக் குரங்குகளை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நீ எங்கள் வீட்டுக்கு வருவாய். அன்று காலைப் பேப்பரில் என் செய்தி வந்திருக்கும். ஒரகடத்தில் எந்தக் கம்பெனிக்கு எவ்வளவு நிலம், எந்த ஊரில் யார் கொடுக்க மறுக்கிறார்கள் என்று வெயிலில் அலைந்து எழுதியிருப்பேன். ஒருவரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. நீ சோற்றில் கை வைப்பதற்குள், "உன் குரங்கு இன்னா பண்ணுது அருளு?" என்று உன் அக்கா ஆரம்பித்துவிடுவாள்.

"நேத்து ஒண்ணு தானா காலை நீட்டிச்சுக்கா. ரத்தம் எடுத்துக்கோன்னு. எடுத்து முடிச்சதும் வேர்க்கடலைக்குக் கையை நீட்டுது. நம்ம மாமா மாதிரிதான், வேலைக்கு முன்னாடியே கூலி கேக்கறதில்ல."

எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். பிறகு நீ உடம்பின் காவலைப் பற்றிச் சொல்வாய். ரத்தத்தில் மிதந்துகொண்டே கிருமியைப் பிடிப்பது ஒரு காவல், கிருமி புகுந்துவிட்ட அணுவைத் தேடிப் போய்க் கொல்வது இன்னொரு காவல் என்பாய். தடுப்பூசி என்பது திருடனின் போட்டோவை முன்கூட்டியே ஸ்டேஷனில் ஒட்டி வைப்பது மாதிரி என்பாய். "ஆனா இந்தத் திருடன் வாரத்துக்கு ஒரு மூஞ்சி மாத்தறான் மாமா. அங்கதான் பேஜாரு." பத்தாவது தாண்டாத நீ சொல்வதை உன் அக்கா வாய் பிளந்து கேட்பாள். பிழைப்புக்கு எழுதுகிறவன் நான். என்னால் ஒருவரைக்கூட அப்படி உட்கார வைக்க முடிந்ததில்லை.

அப்போது எங்கள் பின்கட்டு அறையில் செல்வி குடியிருந்தாள். அது அவள் உண்மைப் பெயர் இல்லை. ராமநாதபுரம் பக்கத்திலிருந்து வந்து, சுங்குவார்சத்திரம் பக்கம் ஒரு எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் லைனில் நின்று வேலை பார்த்தவள். இறந்துபோன கணவன் கொடுத்த கிருமி அவள் ரத்தத்தில் இருந்தது. ஆறு மாதம் என் வீட்டுக் குழாயில்தான் தண்ணீர் பிடித்தாள். ஆனால் அதை உன்னிடம்தான் சொன்னாள். ஊர் விஷயம் எல்லாம் தெரிந்த நிருபனுக்குத் தன் பின்கட்டு விஷயம் தெரியவில்லை. உன்னிடம் எதைக் கண்டு சொன்னாள்? இன்றுவரை எனக்கு அது விளங்கவில்லை.

அந்தக் கோபத்தில்தான் உன் குரங்குகளை நான் எடுத்துக்கொண்டேன்.

ஒரு ஞாயிறு, சாதாரணமாகக் கேட்பதுபோலக் கேட்டேன். எத்தனை கூண்டு, எத்தனை வரிசை, எது நன்றாகச் சாப்பிடுகிறது? நீயும் ஒளிக்காமல் சொன்னாய். "வலது வரிசை இளைச்சிருச்சு மாமா. இடது வரிசை ஜோரா கீது, கொடுத்ததெல்லாம் காலி." எந்தக் குரங்குக்குத் தடுப்பூசி போட்டது, எந்தக் குரங்குக்கு வெறும் தண்ணீர் போட்டது என்று பராமரிக்கிறவர்களுக்குச் சொல்ல மாட்டார்கள். தெரிந்தால் கை ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடும் என்பார்கள். அதையும் நீதான் சொன்னாய். நானே முடிவு செய்தேன்: இளைத்தது தண்ணீர், கொழுத்தது ஊசி. புதன்கிழமை செய்தி வந்தது. 'எய்ட்ஸுக்குத் தடுப்பூசி: குரங்குகளிடம் வெற்றி.' கூண்டுக் கணக்கு, தீனி நேரம் எல்லாம் துல்லியம்.

அன்று காலை பேப்பரை மடித்துக் கையில் பிடித்தபடி வந்தாய். கத்துவாய் என்று நினைத்தேன்.

"ஒரே ஒரு கேள்வி கேட்டிருக்கலாமே மாமா. கிருமியை எப்போ குடுத்தாங்கன்னு."

"எப்போ குடுத்தாங்க?"

"வலது வரிசைக்குப் போன வருஷம். இடது வரிசைக்கு இன்னும் குடுக்கவே இல்ல."

கிருமியே கொடுக்காத குரங்கு நோயை வென்றதாக எழுதியிருந்தேன். ஆராய்ச்சிக்கூடத்தில் உள்ளே இருந்து பேசியது யார் என்று விசாரித்தார்கள். நீ வாய் திறக்கவில்லை. சந்தேகத்தின் பேரில் உன்னைத் தீவனக் கிடங்குக்கு மாற்றினார்கள். அதன்பிறகு உன் குரங்குகளை நீ பார்க்கவே இல்லை. நான் மறுப்பு எழுதவில்லை. 'நமது நிருபர்' என்றுதான் போட்டிருந்தது, என் பெயர் இல்லை. மறு வருஷம் ஷிப்ட் பஸ்ஸிலேயே உன் நெஞ்சு நின்றுபோனது.

உன் சாவுக்குச் செல்வி வரவில்லை. அதற்குள் அவள் சுங்குவார்சத்திரத்துக்கு அறை மாறியிருந்தாள். ஷிப்ட் கிடைத்திருக்காது என்று நினைத்தேன். காரணம் போன மாதம்தான் தெரிந்தது. உன் அக்கா அவளை பஸ் நிறுத்தத்தில் பார்த்துவிட்டு வந்து, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்.

"குச்சி மாதிரி கீறா. கவர்மெண்டுல மாத்திரை சும்மா தர்றாங்க, போடீன்னா மாட்டேங்கிறா. ஊசி இருக்குதாம், பேப்பர்லயே போட்டாங்களாம், எங்க தம்பி பணக்காரங்களுக்குன்னு ஒளிச்சுட்டு இல்லேன்னானாம். அது வெளிய வர்ற வரைக்கும் காத்திருக்காளாம். என் தம்பியவா அப்படிச் சொல்றா?"

உன்னை ஊரே தூக்கி வைத்துப் பேசுகிறதே என்று வெந்தவன் நான். ஒருத்தி உன்னைத் தப்பாக நினைக்கிறாள் என்று கேட்டதும் உள்ளுக்குள் ஒரு சின்னக் குளிர்ச்சி ஓடியது. மறைக்காமல் எழுதுகிறேன். அந்தக் குளிர்ச்சியோடு இரண்டு நாள் இருந்தேன். நான் இப்படியே இருந்தால் அவள் செத்துப்போவாள் என்பது மூன்றாம் நாள்தான் உறைத்தது.

போய்ச் சொன்னேன். ஒரு பகல் நேரம், அவளுக்கு இரவு ஷிப்ட். அறை வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டாள். எழுதியது நான், அது தப்பு, அந்தக் குரங்குகளுக்கு அப்போது கிருமியே கொடுக்கவில்லை என்றேன். பிறகு கொடுத்தபோது சில குரங்குகளின் உடம்பு கிருமியை மாதக்கணக்கில் அடக்கி வைத்ததையும், கிருமி மெல்ல முகம் மாற்றித் தப்பியதையும் சொன்னேன். அதை இந்த வருஷம்தான் அங்கிருந்த ஒரு டாக்டரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். அப்படியே ஊசி வந்தாலும் அது நோய் வராதவர்களைக் காப்பதற்குத்தான் என்றேன்.

"அப்ப அருளண்ணே பொய் சொல்லலையா?"

"இல்லை."

"அண்ணனும் இதையேதான் சொன்னாக. கிருமி வராதவங்களுக்குத்தான்மா அந்த ஊசின்னு. நான் மூஞ்சிக்கு நேரா கேட்டேன், எவ்வளவு வாங்கிட்டு இல்லேங்கிறீகன்னு. அப்பவும் ஒங்க பேரைச் சொல்லல."

அழுதாள், மச்சான். அவள் என்னைத் திட்டுவாள் என்று தயாராகப் போயிருந்தேன். அவளுக்கு என்மேல் கோபப்படக்கூட நேரமில்லை. அத்தனை கண்ணீரும் உனக்குத்தான். என் குற்றத்தை நான் ஒப்புக்கொண்டதிலும் நீதான் பெரியவன் ஆனாய். அந்த நாற்காலியில் உட்கார்ந்துகொண்டே எனக்கு வயிறு எரிந்தது.

கடைசியில் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, "எந்த பஸ்ஸுல போகணும்?" என்று கேட்டாள்.

போன வாரம் கவர்மெண்டு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். ரத்தம் எடுத்தார்கள், மாத்திரை தொடங்கியிருக்கிறார்கள். மாதாமாதம் போய் வாங்க வேண்டும், ஒரு வேளைகூடத் தவறக்கூடாது. அன்று நான் பஸ் நிறுத்தத்துக்குக் கால் மணி நேரம் தாமதம். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"அண்ணே இருந்திருந்தா எனக்கு முந்தி வந்து நின்னிருப்பாக."

இதைப் பேப்பருக்கே அனுப்புகிறேன். மூன்று வருஷம் முன்பு வந்திருக்க வேண்டிய மறுப்பு இது. செல்வியிடம் படித்துக் காட்டினேன், போடுங்கள் என்றாள். உனக்கு ஒரு வாக்கும் தருகிறேன். ஒவ்வொரு மாதமும் அவளுக்கு முன்னால் நான் அந்த நிறுத்தத்தில் நிற்பேன், நீ வந்திருக்கக்கூடிய நேரத்துக்கும் முன்னால். இந்த ஒன்றிலாவது நீ என்னிடம் தோற்க வேண்டும்.

உன் அக்காவைக் கட்டிய
மாமா சூசை