பக்கத்தின் கடைசியில் வைத்த பொத்தான்

அன்புள்ள அம்மாவுக்கு, பிஷ்கெக் நகரத்திலிருந்து உன் ஜிபெக் எழுதுவது. முழங்கால் வலி தேவலையா? சாம்பல் குதிரை குட்டி போட்டதா? எனக்கு ஒரு குறையும் இல்லை.

பாடத்துக்காக நம் கூடார விடுதிக்கு நான் செய்த இணையதளத்தை ஆசிரியர் திலெக் சரியில்லை என்று திருப்பிவிட்டார். முக்கியமான விருந்தாளியை வாசலுக்கு எதிரே கூடாரத்தின் உள்கோடியில் உட்கார வைப்போமே, அதுபோல 'இடம் பதிவு செய்ய' என்ற பொத்தானைப் பக்கத்தின் கடைசியில் வைத்திருந்தேன்.

"ஏம்மா, அதுவரைக்கும் யாரு வருவா? வாசல்லயே திரும்பிடுவாங்க" என்று சிரித்தார்.

"எங்க வீட்ல யாரும் அப்படித் திரும்பினதில்ல சார்."

"அங்க உங்கம்மா கையப் பிடிச்சு உள்ள கூட்டிட்டுப் போவாங்க. இங்க யாரு இருக்கா?"

வெள்ளிக்கிழமைக்குள் சரிசெய்யாவிட்டால் இந்தப் பருவத்தையே மறுபடி படிக்க வேண்டும். நாலு நாளாக உட்காரவும் முடியவில்லை, படுக்கவும் முடியவில்லை. இன்று பஸ்ஸில் நின்றபோது சட்டென்று தோன்றியது. பக்கத்தின் உச்சியில் நீ நிற்க வேண்டும், பொத்தான் உன் கைப்பக்கம் இருக்க வேண்டும்.

இந்தக் கடிதத்தைக் கொண்டுவரும் டிரைவர் மக்சாத்திடம் அவர் போனிலேயே உன்னை ஒரு படம் எடுக்கச் சொல். கம்பளிக் கதவைத் தூக்கிப் பிடித்துக்கொள். போனைப் பார்க்காதே, நான் வருகிற மாதிரி நினைத்துப் பார். ஹார்ன் அடிக்கிறார் அம்மா, முடிக்கிறேன்.

ஜிபெக்