எடுக்காத பெயர்

பத்திரிகைகளுக்கு எழுதிக்கொண்டிருந்த சாஹிரா, இணையத்துக்கு எழுதிய முதல் கட்டுரையிலேயே, பிறந்த அன்றே இறந்துபோன மகளைப் பற்றிச் சொல்லிவிட்டாள். கணவன் முதாசிர் அதைப் படித்ததிலிருந்து அவளோடு பேசவில்லை. அவள் சீட்டு எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டினாள்.

“மச்சான், மீன்குழம்பு இருக்கு, சுட வெச்சுக்குங்க. கேஸ் வந்தா, காலி சிலிண்டர் பின்னாடி இருக்கு. கட்டுரையைப் போட்டவங்களுக்கு மெயில் போட நான் ராஜகீழ்ப்பாக்கம் பிரவுசிங் சென்டருக்குப் போறேன். பத்திரிகையில வந்துட்டா வந்ததுதான். நெட்ல போட்டதை இப்பவும் எடுக்கலாமாம். ஆஸ்பத்திரியில நீங்க அழுதீங்கன்னு எழுதின வரியை எடுக்கச் சொல்லிடறேன். உங்களைக் கேட்டிருக்கணும்.”

வாசல்வரை போனவள் திரும்பி வந்து, அடியில் மிச்சமிருந்த இடத்தில் நெருக்கி எழுதினாள்:

“பாப்பாவுக்கு வெச்ச நஸ்ரின்கற பேரை மட்டும் எடுக்கச் சொல்ல மாட்டேன். நம்ம ரேஷன் கார்டுலகூட ஏறாத பேரு. அது வேற எங்கயும் இல்லை மச்சான்.”