நாற்பத்தேழாவது வரி

ஜூன் 3, செவ்வாய்
அறுபது மோடம் வந்து இறங்கியது. பென்டிரைவ் மாதிரி லேப்டாப்பில் செருகினால் இன்டர்நெட் வரும். வீடு வீடாகப் போகும் நர்சுகளுக்காக ஆஸ்பத்திரி டாக்டரம்மா கேட்டது. வாங்குமுன் கடைக் கம்ப்யூட்டரில் செருகிப் பார்த்தேன். பச்சை விளக்கு எரிந்தது. பிறகென்ன? அறுபதையும் ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டேன்.

ஜூன் 5, வியாழன்
டாக்டரம்மா போன். "எல்லாம் சிவப்பு விளக்கோட முழிக்குதுங்க. அடுத்த வெள்ளிக்குள்ள ஓடலேன்னா திருப்பி அனுப்பிடுவேன்."

நர்சுகளின் லேப்டாப்பில் விண்டோஸ் இல்லை, லினக்ஸாம். கேட்டேனா? கேட்கவில்லை. என் மேஜை மேல் இருப்பதுதான் உலகம் என்று நினைத்துவிட்டேன். பதினெட்டு வருஷத்தில் என் கடையிலிருந்து போன பெட்டி ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை.

ஜூன் 6
மனைவியிடம் புலம்பினேன். "வீட்டுக்குள்ள ஒரு இன்ஜினியர் இருக்கா. நீங்க ஊரெல்லாம் தேடுங்க" என்றாள்.

மருமகளைச் சொல்கிறாள். வந்து நாலு மாதம். மகன் கப்பலில் இருக்கிறான். "சாப்டியாம்மா?" "சாப்டேன் மாமா." அவளும் நானும் பேசியது இவ்வளவுதான். அவளிடம் போய் என் அசட்டுத்தனத்தைச் சொல்வதா?

ஜூன் 7, சனி
சொன்னேன். சிரிக்கவில்லை, நல்ல பெண்.

"டிரைவர் சாஃப்ட்வேர் இல்லையாம்மா?" என்றேன்.

"டிரைவர் இருக்கு மாமா. ஆனா இது தன்னை மோடம்னே சொல்லல. சிடின்னு சொல்லிக்கிட்டு உக்காந்திருக்கு."

விண்டோஸில் கம்ப்யூட்டரும் மோடமும் ஏதோ பேசிக்கொண்ட பிறகுதான் மோடம் வேஷத்தைக் கலைக்கிறதாம். அந்தப் பேச்சை ஒட்டுக்கேட்க ஒரு புரோகிராம் இருக்கிறதாம்.

"ஒட்டுக்கேட்க எனக்குப் புரோகிராம் தேவைப்பட்டதே இல்ல" என்றாள் மனைவி, சமையலறையிலிருந்து.

ஜூன் 9
விண்டோஸில் ஒட்டுக்கேட்டது ஒரு கட்டு, லினக்ஸில் ஒட்டுக்கேட்டது ஒரு கட்டு. அச்சடித்து வைத்துக்கொண்டு இரண்டு நாளாக முறைத்துப் பார்க்கிறாள். கண் சிவந்துவிட்டது. "எல்லா வரியும் வேற மாதிரியே தெரியுது மாமா." பாவம், என்னால்தானே?

ஜூன் 10, செவ்வாய்
எனக்குத் தெரிந்தது சரக்கு இறக்குவது. அங்கே யாரும் இரண்டு பட்டியலையும் தனியாக முறைப்பதில்லை. ஒருவர் வாசிப்பார், ஒருவர் டிக் அடிப்பார். வரி தப்பாமல் இருக்க ஸ்கேலை எடுத்துக்கொண்டு போய் அவள் எதிரே உட்கார்ந்தேன்.

"நீ விண்டோஸை வாசி. நான் லினக்ஸை அடிக்கிறேன்."

ஒரு எழுத்துக்கும் எனக்கு அர்த்தம் தெரியாது. மூன்றாவது வரியிலேயே நிறுத்தினேன். "நம்பர் இடிக்குதும்மா."

"அது ஒவ்வொரு தடவையும் மாறும் மாமா, விட்டுடுங்க."

"ஓ, பில் நம்பர் மாதிரி. அப்ப சரக்கை மட்டும் வாசி."

சிரித்துவிட்டாள். நாலு மாதத்தில் அந்தச் சத்தத்தை இன்றுதான் கேட்டேன்.

நாற்பத்தாறு வரி டிக் ஆனது. நாற்பத்தேழு: "அஞ்சு அஞ்சு, அஞ்சு மூணு, நாலு ரெண்டு..."

"இல்லையே."

"நல்லா பாருங்க மாமா."

"என் பக்கம் வரவே இல்லம்மா. லோடுல குறையுது."

எழுந்து நின்றுவிட்டாள். 'சிடி வேஷம் போதும், மாறு' என்று சொல்லும் வரியாம் அது. விண்டோஸில் மோடம் கம்பெனியின் புரோகிராம் சொல்கிறது. லினக்ஸுக்கு இந்த மாடலைத் தெரியாததால் சொல்ல ஆளில்லை.

அந்த ஒரு வரியை மட்டும் லினக்ஸிலிருந்து அனுப்பினாள். சிவப்பு. சிவப்பு. விளக்கு அணைந்தே போனது — போச்சுடா என்று நினைத்தேன்.

பச்சை.

"அத்தே!" என்று கத்திக்கொண்டு சமையலறைக்கு ஓடினாள். நான் ஸ்கேலும் கையுமாக உட்கார்ந்திருந்தேன்.

ஜூன் 12
செருகினதும் அந்த வரி தானாகப் போகும்படி எழுதிவிட்டாள். நர்சுகளின் லேப்டாப் ஒவ்வொன்றிலும் அவளே போட்டுக் கொடுத்தாள். "யாருங்க இந்தப் பொண்ணு? கெட்டிக்காரியா இருக்காளே" என்றார் டாக்டரம்மா. நான் வாயைத் திறப்பதற்குள், "இவரோட மருமகளுங்க. ஆனா கண்டுபிடிச்சது மாமா" என்றாள். பொய். பாதிப் பொய்.

ஜூன் 13, வெள்ளி
ஒரு பெட்டியும் திரும்பவில்லை.

ஜூன் 21, சனி
ஒருவன் நாற்பது பிரிண்டர் மலிவாகத் தருகிறேன் என்றான். "வீட்ல கேட்டுட்டுச் சொல்றேன்" என்றேன். நானா இப்படிச் சொன்னேன்? மாதிரிக்கு ஒன்றைக் கொண்டுவந்து மருமகளிடம் கொடுத்தேன். கை கழுவிச் சாப்பிட உட்காரும் நேரம், அவள் அறையிலிருந்து குரல்.

"மாமா! ஸ்கேலை எடுத்துட்டு வாங்க!"

"ஆரம்பிச்சாச்சு ரெண்டும்" என்று மனைவி தட்டை மூடி வைத்தாள்.